தெரியாமல் செய்தாலும் குற்றமா? தேர்தல் குற்றங்களில் உள்நோக்கத்தை நிரூபிக்க வேண்டுமா?

வைகைக்கரை கேட்டது:

தேர்தல் குற்றம்னு பேச்சு வந்தாலே ரெண்டு கோஷ்டி. "உள்நோக்கம் இருந்துச்சுன்னு அரசுத் தரப்பு நிரூபிச்சாத்தான் தண்டிக்கணும்"னு ஒரு கூட்டம். "அதைக் கேட்டா ஒருத்தனும் மாட்ட மாட்டான்"னு இன்னொரு கூட்டம். பொதுவா பேசினா ரெண்டு பேர் சொல்றதும் சரின்னுதான் தோணும். அதனால நாலு பேரை முன்னால நிறுத்துறேன். இவங்களை வெச்சே சொல்லுங்க.

1. கல்யாணமாகி மதுரையிலேர்ந்து சென்னை போன பெண். புது விலாசத்தில் படிவம் 6 கொடுத்துப் பேர் சேர்த்துட்டாங்க. பழைய ஊர்ப் பட்டியலில் பேர் அப்படியே இருக்கு. அது தானா நீங்கிடும்னு நினைப்பு.
2. ஃப்ளெக்ஸ் கடைக்காரர். வேட்பாளர் படத்தோட பேனர் அடிச்சுக் கொடுத்தார். அச்சிட்டவர் பேர், விலாசம் போடலை.
3. "நான் அழுத்தினது ஒண்ணு, விவிபாட்ல வந்த சீட்டு வேற"ன்னு புகார் சொன்ன வாக்காளர். (விவிபாட்னா ஓட்டு யாருக்கு விழுந்துச்சுன்னு சீட்டில் காட்டுற மெஷின்.) சோதனை வாக்குப் போட்டப்ப மெஷின் சரியா காட்டிடுச்சு.
4. தேர்தலுக்கு முந்தின ராத்திரி, பைக்ல கவர் கவரா பணத்தோட பிடிபட்ட ஆள்.

இவங்க எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியுமா? சட்டம் இப்ப என்ன சொல்லுது, என்ன சொல்லணும்?

---

நோட்டரி நாற்காலி பதில்:

சட்டம் என்ன சொல்கிறது என்பதை வாசகத்தோடு பார்த்துவிடலாம். எல்லாத் தேர்தல் குற்றத்துக்கும் ஒரே மனநிலையைச் சட்டம் இப்போதும் கேட்பதில்லை. எதற்கு எதைக் கேட்கிறது என்பதில்தான் கோளாறு.

ஒரு ஓரத்தில் பிஎன்எஸ் 175 (பழைய ஐபிசி 171ஜி). பிஎன்எஸ் என்பது ஐபிசி என்ற இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா. வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றிப் பொய்த் தகவல் பரப்புவது. இதில் இரட்டைப் பூட்டு. தேர்தல் முடிவைப் பாதிக்கும் உட்கருத்து இருக்க வேண்டும். அதற்கு மேல், சொல்வது பொய் என்று தெரிந்திருக்க வேண்டும், அல்லது உண்மை என்று நம்பாமல் சொல்லியிருக்க வேண்டும். இவ்வளவும் நிரூபித்தால் கிடைக்கும் தண்டனை வெறும் அபராதம்.

மறு ஓரத்தில் பிஎன்எஸ் 172, ஆள்மாறாட்டம். ஒருமுறை வாக்களித்தவர் அதே தேர்தலில் தன் பேரிலேயே இன்னொரு முறை வாக்குக் கேட்டாலும் ஆள்மாறாட்டம்தான். வாசகத்தில் "தெரிந்தே", "மோசடியாக" என்று எதுவும் இல்லை. தண்டனை பிரிவு 174-ன்படி ஓராண்டு வரை. அதைவிடப் பெரிய அடி வேறிடத்தில் இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் பிரிவு 11ஏ-படி, இந்தக் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு 6 ஆண்டுகள் வாக்குரிமையே போய்விடும். பிரிவு 8(1)-ன்படி தேர்தலில் நிற்கும் தகுதியும் போகும். 11ஏ-வில் இன்னும் ஐபிசி 171எஃப் என்றுதான் அச்சில் இருக்கிறது. பொது வாசகங்கள் சட்டத்தின் (General Clauses Act) 8-ஆம் பிரிவை வைத்துப் புது எண்ணாக வாசித்துக்கொள்ள வேண்டும். 11பி-யின் கீழ் தேர்தல் ஆணையம் காரணத்தை எழுதி இந்தத் தடையை நீக்கலாம்.

ஆக, மனநிலையைக் கடுமையாகக் கேட்கிற இடத்தில் தண்டனை லேசு. கேட்காத இடத்தில் வாக்குரிமையே காலி. தலைகீழாக இருக்க வேண்டியது.

நடுவில் ஒரு வேடிக்கை, 1951 சட்டத்தின் பிரிவு 125ஏ. வேட்பாளர் பிரமாணப் பத்திரத்தில் பொய் சொன்னால் 6 மாதம் வரை சிறை. தொடக்கமே "தேர்தலில் வெற்றி பெறும் உட்கருத்துடன்" என்று வரும். தோற்பதற்காக எவராவது மனுத்தாக்கல் செய்வாரா? (டம்மி வேட்பாளர்களை விட்டுவிடுங்கள்.) அந்தச் சொல் அங்கே எந்த வேலையும் செய்யவில்லை. உண்மையான வடிகட்டி உட்பிரிவுகளில் இருக்கிறது. (i) தகவல் தராமல் விடுவது, (ii) பொய் என்று தெரிந்தோ நம்பக் காரணம் இருந்தோ தகவல் தருவது, (iii) மறைப்பது. அறிவு பற்றிய சொல் (ii)-ல் மட்டும்தான். "மறைத்தல்" என்ற சொல்லுக்குள்ளேயே தெரிந்து செய்வது அடங்கியிருக்கிறது என்று வாதாடலாம். (i)-ல் அதுவும் கிடையாது. அதனால்தான் 2013-ல் ரிசர்ஜென்ஸ் இந்தியா வழக்கில், கட்டத்தைக் காலியாக விட்டதற்காக மனு நிராகரிக்கப்பட்டால் அதே குற்றத்துக்கு 125ஏ(i)-ல் மறுபடி தண்டிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

சட்டம் வாய் மூடி இருந்தால் குற்ற மனம் தேவையில்லை என்று அர்த்தமா? அதுவும் கிடையாது. 1965-ல் நாதுலால் வழக்கு. உரிமத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் தானியம் வைத்திருந்த வியாபாரி. சட்டம் தெளிவாக விலக்காதவரை குற்ற மனம் தேவை என்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு எம்.ஹெச். ஜார்ஜ் வழக்கில் நேரெதிர். சூரிக்கிலிருந்து மணிலா போகும் வழியில் பம்பாயில் விமானம் இறங்கியது, ஜாக்கெட்டில் 34 கிலோ தங்கம். சில நாள் முன்பு வந்த ரிசர்வ் வங்கி அறிவிக்கை தனக்குத் தெரியாது என்றார். தெரிய வேண்டியதில்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. தேர்தல் சட்டம் எந்தப் பக்கம் சாயும் என்பது பிரிவுக்குப் பிரிவு சண்டை போட்டுத் தீர்மானிக்க வேண்டியது.

உங்கள் முதல் ஆளுக்கு வருகிறேன். அவருக்குப் பொருந்துவது வாக்காளர் பட்டியல் பற்றிய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950-ன் பிரிவு 31. படிவம் 6 என்பது முதல்முறை பேர் சேர்ப்பவருக்கானது; வேறெந்தப் பட்டியலிலும் பேர் இல்லை என்ற உறுதிமொழி அதில் உண்டு. அது பொய் என்று தெரிந்திருந்தால், அல்லது உண்மை என்று நம்பாமல் கையெழுத்திட்டால், ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். "பழையது நீங்கியிருக்கும் என்று நம்பினேன்" என்பது நல்ல பதில். "படிக்காமல் போட்டுவிட்டேன்" என்பது அவ்வளவு நல்ல பதில் இல்லை. படிக்காதவர் அதை உண்மை என்று நம்பினார் என்று எப்படிச் சொல்வது?

இரண்டு இடத்திலும் வாக்களித்தே விட்டால்? 1951 சட்டம் 62(3)-படி இரண்டு வாக்கும் செல்லாது. அங்கே மனநிலைக்கு இடமே இல்லை. ஆனால் வேறு வேறு தொகுதி என்றால் அது பிஎன்எஸ் 172 சொல்லும் "அதே தேர்தல்" ஆகுமா என்பது வாதத்துக்குரியது. ஒவ்வொரு தொகுதிக்கும் நடப்பது தனித் தேர்தல் என்று ஒரு நல்ல வழக்கறிஞர் நிற்பார்.

---

பதினேழு ஏ பதில்:

மூணாவது ஆள் விஷயத்தைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். வாக்குச்சாவடிக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம பலரும் இதைப் பேசுறாங்க.

விவிபாட் கண்ணாடி வழியா சீட்டு 7 விநாடி தெரியும். அப்புறம் அறுந்து பெட்டிக்குள்ள விழும். "வேற சின்னம் வந்துச்சு"ன்னு வாக்காளர் சொன்னா, தேர்தல் நடத்தை விதிகள் 1961-ன் விதி 49எம்ஏ. வரிசை இதுதான்: பொய்ப் புகார் சொன்னா என்ன ஆகும்னு தலைமை அலுவலர் முதல்ல எச்சரிக்கணும். பிறகு எழுத்து மூலம் உறுதிமொழி வாங்கணும். வாக்களிக்க வந்தவங்க பேர் ஏறுற படிவம் 17ஏ பதிவேட்டில் அதே வாக்காளருக்கு ரெண்டாவது பதிவு போடணும். அதுக்கப்புறம் முகவர்கள் முன்னிலையில் ஒரு சோதனை வாக்கு. சீட்டை எல்லாரும் பார்ப்பாங்க.

புகார் சரின்னு தெரிஞ்சா அந்த மெஷினில் வாக்குப்பதிவை நிறுத்தி, தேர்தல் நடத்தும் அலுவலருக்கு உடனே தகவல் போகணும். தப்புன்னா 17ஏ-ல அந்த ரெண்டாவது பதிவுக்கு எதிரே குறிப்பு: எந்த வேட்பாளருக்குச் சோதனை வாக்கு விழுந்துச்சு, வரிசை எண் என்ன. வாக்காளர் கையெழுத்து அல்லது கைரேகை. பதிவான வாக்குக் கணக்கான படிவம் 17சி முதல் பகுதியில் சோதனை வாக்கைக் காட்டணும். இதை மறந்தா எண்ணிக்கை அன்னிக்கு ஒரு ஓட்டு கூடுதலா நிக்கும், முகவர்கள் மேஜையைத் தட்டுவாங்க.

அந்த எச்சரிக்கையில் வர்றது ஐபிசி 177, இப்ப பிஎன்எஸ் 212. பொது ஊழியருக்குப் பொய்த் தகவல் கொடுக்கிறது, 6 மாசம் வரை. அந்தப் பிரிவு "பொய் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ" கொடுத்த தகவலைத்தான் தண்டிக்குது.

சிக்கல் இங்கதான். சோதனை வாக்கு நிரூபிக்கிறது சோதனை வாக்கை மட்டும்தான். முதல் சீட்டு பெட்டிக்குள்ள விழுந்தாச்சு, அதை யாரும் திறந்து பார்க்கப் போறதில்லை. கண்ணு சரியாத் தெரியாதவர், பக்கத்து வரிசைப் பொத்தானை அழுத்தினவர், 7 விநாடியில் சின்னத்தைத் தப்பாப் பார்த்தவர் எல்லாரும் நேர்மையாவே புகார் சொல்லலாம். சோதனை சரியா வந்துட்டதாலேயே "பொய்"ன்னு முடிவு கட்டினா, தப்புக்கும் பொய்க்கும் வித்தியாசம் இல்லாமப் போகுது. வாசகத்தில் அறிவுங்கிற சொல் இருக்கு, நடைமுறை அதைக் கேட்கிறதில்லை. அதனால நேர்மையா சந்தேகம் வந்தவங்ககூட எச்சரிக்கையைக் கேட்டதும் "விடுங்க சார்"னு போயிடலாம். இங்க உள்நோக்கத்தைத் தனியா நிரூபிக்கணும்னு விதியிலேயே எழுதணும்ங்கிறது என் கருத்து.

இதே விதிகள்ல ஒரு அழகான உதாரணமும் உண்டு. விதி 49ஜே. வாக்காளர் அடையாளத்தை முகவர் எதிர்க்கணும்னா 2 ரூபாய் கட்டணும். ஆமா, 2 ரூபாய்தான். எதிர்ப்பு தோத்துப்போனதாலேயே அந்தப் பணம் போகாது. அற்பமானது, அல்லது நல்லெண்ணத்தோட செய்யலைன்னு தலைமை அலுவலர் கருதினாத்தான் பறிமுதல். 2 ரூபாயைப் பறிக்க நல்லெண்ணம் பார்க்கிற விதிப் புத்தகம், 6 மாச சிறைக்கு சோதனை வாக்கோட நிறுத்திக்குது.

---

செலவுப் பதிவேடு பதில்:

மேலே இருவரும் வாக்காளர் பக்கம் நின்று பேசுகிறீர்கள். நாலாவது ஆள் பக்கம் யாரும் வரவில்லை. தமிழ்நாட்டில் பிரச்சினையே அவர்தான். 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல், 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதி. நாலு இடத்திலும் பணப் பட்டுவாடா என்ற காரணத்தால் தேர்தலே ரத்தானது. தேர்தலை நிறுத்தும் அளவுக்கு ஆதாரம் இருக்கிறது, தனி ஆளைத் தண்டிக்கும் அளவுக்கு வருவதில்லை. ஏன்?

பிஎன்எஸ் 170-ல் பணம் வாங்கியவரும் குற்றவாளி. கொடுத்தவரின் நோக்கத்தைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி வாங்கியவர்தான். அவர் வாய் திறந்தால் தன்னையே காட்டிக்கொடுக்கிறார். ஆக நோக்கத்துக்கு நேரடிச் சாட்சி கிடைக்காது. சூழ்நிலைச் சாட்சிதான் மிச்சம், அதையும் பிடிக்கிற இடத்திலேயே கோட்டை விடுகிறோம்.

பறக்கும் படை நடைமுறை இது. வேட்பாளர், முகவர், கட்சிக்காரர் இருக்கிற வண்டியில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம், அல்லது சுவரொட்டி, மது, அல்லது 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுப்பொருள் இருந்தால் கைப்பற்றலாம். முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும். 10 லட்சத்தைத் தாண்டினால் வருமான வரித் துறைக்குத் தகவல். பிறகு மாவட்டத்தில் மூன்று அதிகாரிகள் கொண்ட குழு தானாகவே ஒவ்வொரு பறிமுதலையும் பார்க்கும். எஃப்ஐஆரோ புகாரோ இல்லை, வேட்பாளரோடு தொடர்பும் தெரியவில்லை என்றால் காரணம் எழுதி விடுவிக்க வேண்டும். எப்படியும் வாக்குப்பதிவு முடிந்து 7 நாளுக்கு மேல் அப்படியே வைத்திருக்க முடியாது. இந்த 50,000 எந்தச் சட்டப் பிரிவிலும் இல்லை, ஆணையத்தின் நடைமுறை உத்தரவில்தான் இருக்கிறது. வெள்ளிக் கொலுசு வியாபாரி, மாட்டுச் சந்தைக்குப் போகிறவர், கல்யாண வீட்டுக்காரர் எல்லோரும் இந்த வலையில் விழுந்து, ரசீதைக் காட்டி எழுந்து போவார்கள்.

பணம் மட்டும் பிடிபட்டால் வழக்கு நிற்காது. நிற்க வைப்பது பணத்தோடு இருக்கும் காகிதம். பாகம் (ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பட்டியல் பகுதி) எண் போட்ட வாக்காளர் பட்டியல், அதில் பேருக்கு எதிரே டிக், வீட்டுக்கு எத்தனை ஓட்டு என்ற எண், ஒரே தொகை போட்ட கவர்கள். ஒரு பக்கத்தில் டிக் விழாத பேர்கள் 84, கவரும் 84 என்று எண்ணிக்கை பொருந்தினால் அதைவிட நோக்கத்துக்கு என்ன வேண்டும்? ஆனால் பல மகஜரில் (சாட்சிகள் முன் எழுதும் பறிமுதல் பதிவு) "ரொக்கம் இவ்வளவு, கவர்கள் சில, பட்டியல் ஒன்று" என்று மொட்டையாக எழுதிவிடுவார்கள். எத்தனை கவர், ஒவ்வொன்றிலும் எவ்வளவு, எந்தப் பாகம், எந்தப் பக்கம், எத்தனை டிக் என்று அதே மகஜரில், அதே சாட்சிகள் கையெழுத்தோடு வர வேண்டும். பட்டியலை மறுநாள் தனி மகஜரில் சேர்த்தால் "போலீஸ் செருகியது" என்ற ஒரு வாதத்துக்கே வழக்கு உட்கார்ந்துவிடும்.

இதற்கு மேல் சட்டத்திலும் ஒன்று மாற வேண்டும். ஊழல் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 20 மாதிரி ஓர் அனுமானம். அரசு ஊழியர் பணம் வாங்கியது நிரூபணமானால் லஞ்சமாகத்தான் வாங்கினார் என்று நீதிமன்றம் வைத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது அவர் வேலை. போதைப்பொருள் சட்டம் பிரிவு 35-ம் அப்படியே, குற்ற மனம் இருந்ததாக வைத்துக்கொண்டு தொடங்கும். வாக்குப்பதிவுக்கு முந்தைய 48 மணி நேரத்தில் பாகம் வாரியான பட்டியலோடு கவரில் பணம் பிடிபட்டால் அதே அனுமானம் வேண்டும். உள்நோக்கம் தேவை என்பதை நீக்கச் சொல்லவில்லை. யார் நிரூபிப்பது என்பதை மாற்றச் சொல்கிறேன்.

சின்னக் குறிப்பு: பிஎன்எஸ் 176. வேட்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அவருக்காகச் செலவு செய்தால் 10,000 ரூபாய் வரை அபராதம். நோக்கம் பார்ப்பதில்லை. விலக்கு ஒன்று உண்டு: செலவு 10 ரூபாய்க்குள் இருந்து, 10 நாளில் அவரிடம் எழுதி வாங்கிவிட்டால் தப்பலாம். அபராதத்தை 500-லிருந்து 10,000 ஆக்கியவர்கள் அந்தப் 10 ரூபாயைத் தொடவே இல்லை. இன்று தெருமுனையில் டீ வாங்கிக் கொடுத்தாலே தாண்டிவிடும்.

---

வைகைக்கரை:

நன்றி. ஃப்ளெக்ஸ் கடைக்காரரை யாரும் தொடலையே? அப்புறம் வெளிநாட்ல இதை எப்படி வெச்சிருக்காங்க?

---

நோட்டரி நாற்காலி:

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் மேல் எனக்கு இரக்கம் கொஞ்சம் குறைவு. 1951 சட்டத்தின் பிரிவு 127ஏ-யில் மனநிலைச் சொல் கிடையாது, இருக்கவும் வேண்டாம். செய்ய வேண்டியது கையடக்கமான வேலை. வெளியிடுபவர் தன் அடையாளம் பற்றி உறுதிமொழி இரண்டு பிரதி தர வேண்டும், அவரை நேரில் அறிந்த இருவர் சான்றொப்பம் இட வேண்டும். அச்சடித்ததில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பேர், விலாசம் வர வேண்டும். பிறகு உறுதிமொழியையும் அச்சுப் பிரதியையும் மாவட்ட ஆட்சியருக்கு, சென்னை என்றால் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் கேட்பது 3 நாளுக்குள் 4 பிரதி. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தவறுவது பெரும்பாலும் மறு அச்சில். முதல் நூறுக்குக் காகிதமெல்லாம் சரியாக இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸப்பில் "அதே டிசைன், இன்னும் ஐம்பது" என்று வரும். எண்ணிக்கை கணக்கில் ஏறாது, வேட்பாளர் செலவிலும் சேராது. இங்கே உள்நோக்கத்தைக் கேட்டால் "மறந்துட்டேன்" என்று எல்லாருமே சொல்வார்கள். ஆனால் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதத்தை இன்றைய மதிப்புக்கு உயர்த்த வேண்டும். மனநிலை பார்க்காத குற்றத்துக்குச் சிறை பொருந்தாது. கூட்டத்தின் தேதி, நேரம், இடம் மட்டும் சொல்கிற நோட்டீசுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செலவுப் பதிவேடு சொன்ன அனுமானத்தில் எனக்கு உடன்பாடு பாதிதான். ஊழல் தடுப்புச் சட்டத்தில் அனுமானம் எழுவது பணம் கை மாறியது நிரூபணமான பிறகு. அவர் கேட்பதில் பணம் இன்னும் கவரில் இருக்கிறது. பைக் ஓட்டி வந்தவர் நாள் கூலிக்கு வந்த பையனாகவும் இருக்கலாம். அனுமானம் அவன் தலையில் விழும், கவரை நிரப்பியவர் வீட்டில் தூங்குவார்.

---

வடதுருவன் பதில்:

பிரிட்டனின் 1983 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு பக்கம் லஞ்சம், ஆள்மாறாட்டம் போன்ற பெருங்குற்றங்கள். மறுபக்கம் கணக்குத் தாக்கல், செலவு வரம்பு போன்ற விதிமீறல்கள். கணக்கு தாக்கலே செய்யாவிட்டால் விதிமீறல். பொய் என்று தெரிந்தே கணக்கு உறுதிமொழி கொடுத்தால் பெருங்குற்றம். செலவு வரம்பைத் தாண்டுவதில் நடுவழி: தாண்டும் என்று "தெரிந்திருந்தால், அல்லது நியாயமாகத் தெரிந்திருக்க வேண்டுமென்றால்" குற்றம்.

இந்தியாவில் இல்லாத ஒரு கதவு அங்கே உண்டு, பிரிவு 167. கவனக்குறைவு, தற்செயலான கணக்குப் பிழை, அதைப் போன்ற நியாயமான காரணம் என்று காட்டி, நல்லெண்ணத்தோடு நடந்துகொண்டதையும் நிறுவினால், விதிமீறலிலிருந்து விலக்குத் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். குற்றத்தை நிரூபிக்கிற சுமை அரசுக்குக் கூடுவதில்லை, தப்பு செய்தவர்தான் போய்க் கேட்க வேண்டும். இந்தியாவில் இதற்குக் கொஞ்சம் கிட்டே வருவது 1951 சட்டத்தின் 10ஏ. செலவுக் கணக்கை 30 நாளில் தராதவருக்கு "நல்ல காரணம் இல்லை" என்று ஆணையம் கண்டால்தான் 3 ஆண்டுத் தகுதியிழப்பு. அதுவும் வேட்பாளருக்கு மட்டும். வாக்காளருக்கு அப்படிப்பட்ட கதவு கிடையாது.

டெக்சாஸில் என்ன ஆனது என்று பாருங்கள். 2016-ல் டாரண்ட் கவுண்டியில் ஒரு பெண். கூட்டாட்சிச் சிறைத்தண்டனை முடிந்து கண்காணிப்பு விடுதலையில் இருந்தார், அந்தக் காலத்தில் வாக்களிக்க முடியாது. பட்டியலில் பேர் இல்லாததால் தற்காலிக வாக்குச்சீட்டு கொடுத்தார்கள். அந்த வாக்கு எண்ணப்படவே இல்லை. தண்டனை 5 ஆண்டு! சீட்டோடு இருந்த உறுதிமொழியில் கையெழுத்து இருக்கிறது என்பதுதான் அரசுத் தரப்பின் பெரிய ஆதாரம். 2021-ல் சட்டமன்றம் சட்டத்தையே திருத்தி, அந்த உறுதிமொழிக் கையெழுத்தை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது என்றது. 2022-ல் மாநிலக் குற்றவியல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், தனக்குத் தகுதியில்லை என்று அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. 2024 மார்ச்சில் கீழ் மேல்முறையீட்டு மன்றம் விடுவித்தது, அரசுத் தரப்பு அதையும் எதிர்த்துப் போனது. படிவம் 6-ல் இருக்கிற கையெழுத்துக்கும் இதுவே பொருந்தும்: கையெழுத்து இருக்கிறது என்பதும், அதில் இருப்பது தெரியும் என்பதும் வேறு வேறு விஷயம்.

---

செலவுப் பதிவேடு:

பையன் விஷயம் நியாயம்தான். அதனால்தான் பட்டியல் முக்கியம் என்கிறேன். எந்தப் பாகத்துக்கு எந்த முகவர் என்பது கட்சி கொடுக்கும் நியமனப் படிவத்தில் இருக்கும். அந்த ஆளுக்கு அனுமானம் போகட்டும், பையன் சாட்சியாகட்டும்.

பிரமாணப் பத்திர வழக்குகளிலும் எல்லாத் தப்பையும் ஒரே தட்டில் வைப்பதில்லை என்பதைச் சேர்க்கிறேன். 2006 உள்ளாட்சித் தேர்தலில் தேக்கம்பட்டி ஊராட்சித் தலைவர் பதவி பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 தீர்ப்பு, குற்ற வழக்குகளை மறைப்பது முறைகேடான செல்வாக்கு என்றது. தன் மேல் உள்ள வழக்கு வேட்பாளருக்கே தெரிந்த விஷயம், வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை என்பது அடிப்படை. 2024 ஏப்ரலில் அருணாசலப் பிரதேசத்தின் தேசு தொகுதி வழக்கில் ஒரு ஸ்கூட்டர், ஒரு மாருதி ஆம்னி, ஒரு பைக். விற்றாகிவிட்டது அல்லது பரிசாகக் கொடுத்தாகிவிட்டது, ஆர்சி புத்தகத்தில் பேர் மாறவில்லை. உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது, உச்ச நீதிமன்றம் மீட்டது. இரண்டும் பதவி பற்றிய வழக்குகள், சிறை பற்றியவை இல்லை. ஆனாலும் மறைப்புக்கும் விடுபடலுக்கும் கோடு எங்கே என்று இவற்றைப் பார்த்தால் புரியும்.

---

நோட்டரி நாற்காலி:

புகார் கொடுக்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று. உள்நோக்கம் வரை போவதற்கு முன்பே வழக்கு செத்துப்போகும் இடங்கள் மூன்று.

125ஏ-யும், வாக்காளருக்குக் கொடுக்கும் லஞ்சமும் போலீஸ் தானாக விசாரிக்கக்கூடிய குற்றங்கள் அல்ல. மாஜிஸ்திரேட் உத்தரவு (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 174(2)) இல்லாமல் விசாரித்தால் முழு வழக்கும் ரத்தாகும் அபாயம். அதிகாரி உத்தரவை மீறியதாகப் பழைய ஐபிசி 188, இப்போதைய பிஎன்எஸ் 223-ல் வழக்கு என்றால், அந்த அதிகாரியே நீதிமன்றத்தில் எழுத்துப் புகார் தர வேண்டும். போலீஸ் எஃப்ஐஆர் போட்டதற்காகச் சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் ஜீவானந்தம் வழக்கில் ரத்து செய்தது, அதன்பின் அதே வழியில் எத்தனையோ. மூன்றாவது காலக்கெடு. ஓராண்டு வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு ஓராண்டு, அபராதம் மட்டும் என்றால் 6 மாதம் (பிஎன்எஸ்எஸ் 514). எம்எல்ஏவின் சொத்து விவரம் பொய் என்று மூன்றாம் ஆண்டில் கண்டுபிடித்தால், உங்களுக்கு எப்போது தெரியவந்தது என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

---

பதினேழு ஏ:

முதல் ஆளுக்கு யாரும் வழி சொல்லலை. வீடு மாறினவங்க படிவம் 6 தொடவே கூடாது, படிவம் 8-தான். அதுல பழைய வாக்காளர் அட்டை எண்ணைக் கொடுத்தா பழைய இடத்துப் பதிவும் சேர்ந்து நகரும். ஏற்கெனவே 6 கொடுத்து ரெண்டு இடத்திலும் பேர் வந்தாச்சுன்னா, பழைய தொகுதிக்குப் படிவம் 7 போட்டு நீக்கச் சொல்லுங்க. ஆன்லைன்லயும் போடலாம், பழைய பூத்தோட பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) கிட்டயும் கொடுக்கலாம். சந்தேகம்னா 1950ங்கிற உதவி எண்ணுக்கு ஃபோன். ஒப்புகை எண்ணைப் பத்திரமா வெச்சுக்கணும். ஒரு மாசம் கழிச்சு ரெண்டு பட்டியலையும் பேர் போட்டுத் தேடிப் பாருங்க. அட்டை எண் போட்டு மட்டும் தேடினா ரெண்டு வேற எண்ல இருக்கிற பதிவு கண்ணுக்குச் சிக்காது.